பாதி விலை வண்டி

பழைய ஏழு சீட்டு வண்டிக்குக் கடைக்குக் கடை வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். அதே மாடல், அதே வருஷம். நாலாவது கடையில் மட்டும் பாதி விலை.

"அடிபட்ட வண்டியா?" என்று கேட்டேன்.

"ஒரு கீறல்கூடக் கிடையாது சார்," என்றார் புரோக்கர். "வீட்டுல எத்தனை பேரு?"

"அப்பா, அம்மா, நாங்க ரெண்டு பேரு, மூணு பிள்ளைங்க. ஏழு."

"முதல்ல வாங்கினவங்களும் ஏழு பேருதான். ஆறு பேருக்கு எதுக்குப் பெரிய வண்டின்னு ஒரே வாரத்துல திருப்பிக் கொடுத்துட்டாங்க. அடுத்தவரும் அதையேதான் சொன்னாரு. கைமாறக் கைமாற விலை இறங்கிடுச்சு."

நான் விடவில்லை. பேரம் பேசி இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அன்றைக்கே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தேன்.

வாசலில் இறங்கியதும் மனைவி ஆரம்பித்தாள். "நாம இருக்கிறது ஆறு பேரு. எவன் எதைத் தலையில கட்டினாலும் வாங்கிட்டு வந்துடுவீங்களா?"

நியாயம்தான். ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு? கைகழுவப் போனேன். குழாய்ப் பக்கத்து டம்ளரில் ஏழு பிரஷ் இருந்தது. சின்னது ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. யாருடையது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

குப்பையில் போட்டுவிட்டேன்.