ஜோடிப் பொருத்தம்

"மூஞ்சியைப் பெறகு பாத்துக்கிறலாம். மொதல்ல அந்த ஷூவைக் கழட்டிக் குடுக்கச் சொல்லு!"

உள்ளே இருந்து சிலுவைமுத்து போட்ட சத்தம், பெண் பார்க்க வந்து வாசலில் நின்ற பிராங்க்ளினுக்கு நன்றாகவே கேட்டது. பெரியவர்கள் அப்புறம் வரட்டும், முதலில் பையன் மட்டும் வரணும் என்பது அவர் போட்டிருந்த உத்தரவு.

"என்னங்க, அவரு காதுல விழுகுது" என்று பல்லைக் கடித்தாள் ஆனந்தமேரி. "இது மூணாவது வரன். இதையும் ஷூவைச் சொல்லித் தட்டிவிட்டீங்கன்னா, நான் கொடைரோட்டுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் தோல் தரம் பிரித்தவர் சிலுவைமுத்து. காசைத் தண்ணீராகச் செலவழிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு ஆள் எப்படிப்பட்டவர் என்பதை ஷூவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். முதல் வரன் புத்தம் புது ஷூவில் வந்தார். அடியில் விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. "பகட்டு" என்றார் சிலுவைமுத்து. இரண்டாவது வரன் கயிற்றை அவிழ்க்காமல், பின்பக்கத்தை மிதித்துக் கழற்றினார். "ஷூவுக்கே இந்தக் கதின்னா, பொண்டாட்டிக்கு?" என்றார்.

மகள் அனிஷாவுக்கோ இந்த மூன்றாவது வரன்தான் முதலும் கடைசியும். வேடசந்தூர் மில் ஆபீஸில் இரண்டு வருஷமாக அவளுக்கும் பிராங்க்ளினுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அது வீட்டுக்குத் தெரியாது. புரோக்கர் கொண்டுவந்த வரன் மாதிரிதான் வந்திருந்தான். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் பாப்பா, விரல்ல என்ன கறுப்பு?" என்றார் அப்பா.

"தோசைக்கல்லு கரிப்பா."

"ம்."

பிராங்க்ளின் கயிற்றை முறையாக அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினான். சிலுவைமுத்து வாங்கி முகர்ந்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத் தையலை நெருடிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். முகம் மெல்ல மலர்ந்தது.

"எடுத்து எம்புட்டு நாளாச்சு தம்பி?"

"ஒம்பது வருஷம் அங்கிள்."

"ஒம்பதா! எப்பிடிக் காப்பாத்துனீங்க?"

"ஒருநாள் போட்டா மறுநாள் லீவு விட்டுருவேன். ரெண்டு ஜோடியை மாத்தி மாத்திப் போடுறது."

"மழையில நனைஞ்சா?"

"வெயில்ல வைக்கமாட்டேன். பழைய பேப்பரை உள்ள திணிச்சு நெழல்ல காய வைப்பேன். மாசம் ஒருக்கா வெளக்கெண்ணெய் தடவுவேன்." பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மூச்சு விடாமல் சொன்னான்.

"அடியில டயர் ஒட்டுனது யாரு?"

"பஸ் ஸ்டாண்டுக்கிட்ட மலைச்சாமி அண்ணன்."

"அட, நம்ம மலைச்சாமியா!" சிலுவைமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆனந்தமேரி, பாரு இவரை! நான் பேசுற மாதிரியே பேசுறாரு."

ஆனந்தமேரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அனிஷா கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"சரி தம்பி, ஷூவைப் போடுங்க. செத்த நேரம் நடந்துட்டு வருவோம்."

பிராங்க்ளினின் முகம் மாறியது. "நடக்கவா அங்கிள்?"

"சர்ச் வரைக்கும்தான். நடையையும் பாக்கணும்ல?"

சர்ச் வரைக்கும் என்றவர், சர்ச்சைத் தாண்டி மார்க்கெட்டுக்கே போய்விட்டார். அங்கே நாலு கடையில் தக்காளி விலை கேட்டார், ஒன்றிலும் வாங்கவில்லை. குறுக்குச் சந்து இருக்க, சுற்று வழியாகத் திரும்பினார். வீடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. பிராங்க்ளினுக்கு வேர்த்து ஊற்றியது. இடது காலை ஊன்றாமல் தத்தித் தத்தி வந்தான். முகத்தில் சிரிப்பை மட்டும் விடவில்லை.

"என்ன தம்பி, நொண்டுறீங்க?"

"கல்லு குத்திருச்சு அங்கிள்."

"வலிச்சா சொல்ல வேண்டியதுதானே?"

"ஒங்ககூடப் பேசிக்கிட்டு வந்ததுல வலியே தெரியல."

சிலுவைமுத்து அவன் காலையும் முகத்தையும் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஆனந்தமேரி! எனக்குச் சம்மதம். அடுத்த வாரம் இவுக வீட்டுப் பெரியவங்களை வரச் சொல்லு."

அனிஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காபியும் காராச்சேவும் முடிந்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்த பிராங்க்ளின், குனிந்து ஷூவை எடுத்தான்.

"அதை அங்கிட்டே வையுங்க மாப்ள" என்றார் சிலுவைமுத்து. "என் ரப்பர் செருப்பு கெடக்கு பாருங்க, அதை மாட்டிட்டுப் போங்க. குதிகால் வெளிய நிக்கும், பரவாயில்ல. ஒம்பதாம் நம்பர் காலை ஏழாம் நம்பர் ஷூக்குள்ள திணிச்சுக்கிட்டு, எம்பொண்ணுக்காக மார்க்கெட் வரைக்கும் சிரிச்ச மொகமா வந்தீங்களே, அது போதும் எனக்கு."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பதுங்கப் பார்த்த மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அந்தக் கறுப்புப் பாலிஷை அழிச்சுட்டுப் பழையபடி பிரவுன் போட்டு வையி, நாளைக்குப் பூசைக்கு அது லீவு முடிஞ்சு என் காலுக்கு வரணும்."