பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு குழி

காலை வெயில் ஜன்னல் வழியே நீளமாக விழுந்து, எழும்பும் தூசியில் மின்னுகிறது. சடைப் பின்னல்போல ஒட்டியிருந்த பழைய மரத்தரையை, புதுப் பலகை பதிப்பதற்காக, தச்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உளியால் நெம்புகிறார். துண்டுகள் படக் படக்கென்று பெயர்ந்து வர, அடியில் காய்ந்த தார்ப்பசையும் சிமெண்டுத் தளமும் தெரிகின்றன. வீட்டுக்காரர் கூடமாட நின்று துண்டுகளைச் சாக்கில் போடுகிறார். வாயில் ஏதோ பாட்டு முனகல். பிரிட்ஜுக்கு முன்னால் இருக்கும் துண்டைத் தச்சர் விரலால் தட்டுகிறார். டொக். பெயர்த்துப் பார்த்தால், கிண்ணம் அளவுக்குக் குழி. “இங்க தளம் இறங்கியிருக்கு. அதான் மிதிச்சா சத்தம்.” “நல்லா அடைச்சிடுங்கண்ணே, முதல்ல அத அடைங்க” என்கிறார் வீட்டுக்காரர், தேவைக்கு மேல் அவசரமாக. தச்சர் கரண்டியில் சிமெண்டுக் கலவையை அள்ளும்போது, டீ டம்ளர்களோடு வருகிறாள் மனைவி. “அத மட்டும் விட்ருங்கண்ணே. இவருக்குச் சர்க்கரை இருக்கு. ராத்திரி அது சத்தம் போட்டாத்தான் ஐஸ்கிரீம் டப்பாவத் தேடிப் போறார்னு எனக்குத் தெரியும்.” பாட்டு நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் சாக்குக்குள் எதையோ மும்முரமாகத் தேடுகிறார். கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. தச்சர் கணவனைப் பார்க்கிறார், மனைவியைப் பார்க்கிறார், கலவையை மெதுவாகச் சட்டியிலேயே தட்டிவிட்டு டீயை வாங்குகிறார். “சர்க்கரை போடலைல்ல?” என்று கேட்டு, ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்கிறார்: “எங்க வீட்ல ரெண்டு குழி இருக்கும்மா. நானே போட்ட தரைதான். அடைக்க அவ விடல.”