பதினேழு ராத்தல் பிள்ளை

பதினாறு ராத்தல் எடைக்கு மேல் நிற்கும் பிள்ளையின் தாய்க்கு மூன்று டின் மீன். அதற்குக் கீழே நின்றால் ஒன்றும் கிடையாது.

நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை துரை போட்ட சட்டம் அது. ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் கொழுந்து மடுவக் கொட்டகைக்கு வரவேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசிலேயே பிள்ளையையும் நிறுப்பார்கள்.

துரை இங்கிலீஷில் பேசினார். கணக்கப்பிள்ளை அழகர் தமிழில் சொன்னார்.

"இது சாமன் மீன். கப்பல்ல வருது. சதை ரத்தத்துக்கு, எண்ணெய் தோலுக்கு, முள்ளு எலும்புக்கு. ஒரு டின்னுல ஒரு கோழியோட பலம் இருக்கு."

"அம்புட்டுப் பலம் இருந்தா டின்ன ஒடச்சுக்கிட்டு அதுவே வெளிய வந்திருக்குமே!" என்றாள் பாக்கியலெட்சுமி.

மடுவமே சிரித்தது. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, துரை தொப்பியைத் தொட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார்.

பாக்கியத்துக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அவள் மகன் பதினெட்டு ராத்தல். முதல் ஆளாக மூன்று டின்னை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கருப்பம்மா சிரிக்கவில்லை. அவள் மகளுக்கு ஏழு மாதம். ஒன்பது ராத்தல் இருந்தால் பெரிய காரியம். காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து கருப்பம்மாவுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. "ரொட்டியும் சம்பலும் தின்னா பால் எப்படி ஊறும்? மீன் தின்னு, முட்டை தின்னு" என்று தோட்டத்து டாக்டர் மஹ்ரூப் போன வாரம்தான் சத்தம் போட்டிருந்தார். மலையில் மீனுக்கு எங்கே போவாள்?

பாக்கியத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாக்கியம், ஒன் மகனைக் கொஞ்சம் குடேன்."

"என்னாத்துக்கு?"

"தராசுல வைக்கத்தான்."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ மூணாவது ஆளு. வரிசையில நில்லு. இன்னிக்கு இவனுக்கு ரெட்டைக் கூலி போடணும்டி!"

தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் டாக்டர் மஹ்ரூப். சாதாரண ஆள் இல்லை. மருந்தைக் குடிக்காமல் பீலியில் ஓடும் தண்ணீரில் கொட்டியவளை, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி ஏசியவர். பொய் என்றால் அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும்.

பாக்கியத்துக்கு அடுத்து ஒருத்தி பிள்ளையோடு வந்தாள். வலது கன்னத்தில் மைப்பொட்டு.

"பதினெட்டு" என்றார் டாக்டர். டின் கொடுத்தார்.

அவளுக்கு அடுத்தவள் வந்தாள். இடது கன்னத்தில் மைப்பொட்டு.

"பதினெட்டு."

கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டே தலையைச் சொறிந்தார். "இந்த வருசம் புள்ளைங்க எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு!"

கருப்பம்மாவின் முறை வந்தது. மைப்பொட்டு இப்போது நெற்றிக்கு ஏறியிருந்தது. தலையில் ஒரு ரோசாப்பூ. இடுப்பில் ஒரு சிவப்புத் துணி.

"புள்ள பேரு?"

"ராக்கம்மா, சாமி."

பிள்ளையைத் தராசுச் சாக்கில் உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து ஏறி இறங்கிக் களைத்துப்போன பிள்ளை ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது. சிவப்புத் துணி நழுவியது. அடுத்த நொடி, ராக்கம்மா விட்ட தாரை வில்லாய் வளைந்து கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் விழுந்தது.



"இது... இது பொம்பளப் புள்ளையா?" கணக்கப்பிள்ளை துள்ளி எழுந்தார். "ஐயா! இது பாக்கியத்தோட மகன்! நாலாவது வாட்டி ஏறுறான்! ஏமாத்து வேலை! கொடுத்த டின்னையெல்லாம் திருப்பி வாங்குங்க. நான் இப்பவே பங்களாவுக்குப் போறேன்."

கருப்பம்மா அப்படியே டாக்டரின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "தப்புத்தான் சாமி. எனக்கு வேணாம். மத்தவங்ககிட்ட புடுங்கிடாதீங்க. அவங்களுக்கும் பால் இல்லை."

டாக்டரின் மூக்கு நுனி சிவந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு தராசு முள்ளைப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை, ஈரக் கொழுந்து வந்தா என்ன செய்வீங்க?"

"ராத்தல் வெட்டுவேன்..."

"இதுக்கும் ஒண்ணு வெட்டுங்க. பதினேழு. பேரு ராக்கம்மா. எழுதுங்க."

"ஐயா!"

"தராசு பதினெட்டு காட்டுது. தராசு பொய் சொல்லுதுன்னா, நேத்து வரைக்கும் நீங்க நிறுத்த கொழுந்துக் கணக்கையும் துரை முன்னால திரும்பப் பார்ப்போமா?"

கணக்கப்பிள்ளை சட்டென்று உட்கார்ந்து எழுதினார்.

டாக்டர் மூன்று டின்னை எடுத்துக் கருப்பம்மாவின் மடியில் வைத்தார். "முள்ளைத் துப்பாதே. நல்லா வெந்திருக்கும், நசுக்கித் தின்னு. சாறைக் கீழே ஊத்தாதே. போ."

பிறகு கூட்டத்தைப் பார்த்து உறுமினார். "எங்கே அந்தப் பாக்கியலெட்சுமி?"

மகனை வாரி அணைத்துக்கொண்டு பாக்கியம் முன்னால் வந்தாள்.

டாக்டர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"வர்ற ஞாயிறு கீழ்ப் பிரிவுல நிறுவை. வெள்ளன இவனைத் தூக்கிட்டு வந்துடு. அங்கே பால் வத்தின தாய்மார் அஞ்சு பேர் இருக்காங்க."