மிச்சப்படுத்திய இரண்டு மொழிகள்

ஒரு செய்தியை இரண்டாம் முறை சொல்வதுதான் மனித குலத்தின் மிகப் பெரிய வீண்செலவு என்று பெங்களூர் பஸ்ஸில் பிரேம்குமார் அறிவித்தான்.

எல்லாக் கம்பெனியும் கைவிட்ட பிறகு கிடைத்த கடைசி இன்டர்வியூவுக்கு ஓசூர் வரை அவனும் முனிராஜும் போய்க்கொண்டிருந்தார்கள். முனிராஜ் பிளாக் கோடிங் படித்துக்கொண்டிருந்தான்.

"டேட்டா அனுப்பறப்ப நாலு பிட்டுக்குப் பதிலா அஞ்சா அனுப்பறாங்கடா. வழியில ஒண்ணு கெட்டாலும் தெரியணும்ல."

"எங்கம்மா மாதிரியா? எதையும் தமிழ்ல சொல்லும், தெலுங்குல சொல்லும், அப்புறம் கன்னடத்துல சொல்லும்."

போன் அடித்தது. அம்மாதான்.

"கண்ணு, எறங்கறப்ப..."

மீதியை லாரி ஹாரன் விழுங்கியது. தெலுங்கு தொடங்குவதற்குள், "சரிம்மா" என்று கட் செய்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"பாத்து எறங்குன்னு சொல்லியிருக்கும். மத்த ரெண்டும் அதேதான். மிச்சப்படுத்திட்டேன்."

ஓசூர் சிப்காட்டில் முனிராஜுக்குப் பின்னால் பார்த்தே இறங்கினான். பஸ் நகர்ந்தது. மறுபடி போன்.

"சர்டிபிகேட் ஃபைல பஸ்ஸுல விட்டுடாதன்னு சொன்னேனே, எடுத்துக்கிட்டியா கண்ணு?"

பிரேம்குமார் அதற்குள் பஸ்ஸின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்கண்ணா... ஆபண்டி அண்ணா... நில்ஸி அண்ணா..."