மக்கிப்போகும் சட்டை

மாரமங்கலத்தில் தன் காப்பித் தோட்டத்தில் மாதப்பன் குழி தோண்டினான். சேலத்து மில் முதலாளி குடை பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணைக் கெடுக்காத துணி கேட்டு ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. மில்லின் துணி நிபுணனான மாதப்பன் ராப்பகலாகப் பாடுபட்டு, தானாகவே மக்கிப்போகும் துணியைக் கண்டுபிடித்தான். அதில் தைத்த ஒரே வெள்ளைச் சட்டையைக் காகிதத்தில் பொதிந்து, மூன்று மாதத்துக்கு முன் இங்கே புதைத்திருந்தான்.

குழியிலிருந்து சட்டை வந்தது. மண் ஒட்டியிருந்ததே தவிர ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"இதுக்கா இத்தனை செலவு பண்ணுனேன்? இனி மில்லுப் பக்கம் வராதீங்க!" என்று சொல்லி முதலாளி காரேறிப் போய்விட்டார்.

வீட்டில் இடிந்துபோய் உட்கார்ந்தவனிடம் மனைவி காவேரி வந்து சொன்னாள்.

"ஏனுங்க, புதுச் சட்டையைப் போயி பொதைக்க மனசு வரலீங்க. பொட்டலத்துல உங்க பழைய வெள்ளை டெரிலின் சட்டையை வெச்சுட்டு, புதுசை எங்கப்பாவுக்குக் குடுத்துட்டனுங்க."

அவன் வாய் திறப்பதற்குள் மாமனார் சித்தன், வெறும் வேட்டியோடு உள்ளே நுழைந்தார்.

"நல்ல சட்டை குடுத்தீங்க மாப்ள! சேர்வராயன் கோயில் திருவிழாவுல சாமி கும்பிடக் கையைத் தூக்குனேன். பொலபொலன்னு உதுந்து போச்சுங்க. மானமே போச்சு!"

மாதப்பன் துள்ளி எழுந்தான்.

"யாராச்சும் பாத்தாங்களா மாமா?"

"ஊருசனம் முச்சூடும் பாத்துச்சுங்க!"

மாதப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"வாங்க, சேலம் பஸ்ஸைப் புடிக்கோணும். மொதலாளிகிட்ட நீங்கதான் சொல்லோணும். சட்டை போடாதீங்க மாமா, அப்படியே வாங்க!"