சிங்கம் பார்த்த மாமனார்

"பெரியவரே, இந்தப் பக்கம் திரும்புங்க. வலது பக்கத்துக் குடைவேல மரம். ரெண்டாவது கிளை."

"எனக்குக் கூழைக்கடாதான் வேணும்" என்றார் பூரா, பைனாகுலரை ஏரியை விட்டு எடுக்காமல்.

பூரா சிவப்பு வாழைப்பழ மொத்த வியாபாரி. மன்யாரா ஏரி வனவிலங்குப் பூங்காவின் வாசலுக்கு எதிரிலேயே மண்டி. ஆனாலும் ஐம்பத்தெட்டு வயது வரை உள்ளே காலடி வைத்ததில்லை. காசு கொடுத்துக் குரங்கு பார்ப்பது வெள்ளைக்காரன் வேலை என்பது அவர் கட்சி. குரங்குகள் தினமும் அவர் மண்டிக்கே வந்து, பழத்தைத் தூக்கிக்கொண்டு, இலவசமாக முகத்தையும் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

இன்று அவர் உள்ளே வந்ததற்குக் காரணம் ஜீப்பை ஓட்டிவந்த சுல்லே. பூங்காவில் வழிகாட்டி. பூராவின் மகள் பாஸ்கலினாவைப் பெண் கேட்டு, பெரியப்பா சித்தப்பாக்களோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன். பெண்ணுக்குப் பரிசமாகப் பூரா எடுத்த எடுப்பில் பத்து மாடு என்றார். பையன் சரி என்றுவிட்டான். சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்கிறவனை அவர் ஜென்மத்தில் நம்பியதில்லை. போதாததற்கு அரிசி மில்காரர் வேறு தன் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் விட்டிருந்தார்.

பெரியவர்கள் கூடியிருக்கும் சபையில் மூஞ்சியில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்ல முடியுமா? பூரா ஒரு நிபந்தனை போட்டார். பூங்கா விளம்பரப் பலகையில் ஒரு சிங்கம் மரக்கிளையில் படுத்திருக்கிறதே, அப்படி ஒன்றை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு நாள் தருகிறேன். வாசல் மூடுவதற்குள் பார்த்துவிட்டால் பெண் உனக்கு. இல்லாவிட்டால் மில்காரர் வீட்டுக்கு.

ஊரில் யாரும் பலகையைத் தவிர வேறெங்கும் அந்தச் சிங்கத்தைப் பார்த்ததில்லை என்கிற தைரியத்தில் சொன்னது. இப்போது பையன் மரத்தை நோக்கிக் கையை நீட்டியதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

ஆனால் முப்பது வருஷ வியாபாரம் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. வாங்கப் போவதில்லை என்றால் சரக்கின் பக்கம் கண்ணைத் திருப்பக் கூடாது. திருப்பினால் விற்கிறவனுக்கு நம்பிக்கை வந்துவிடும்.

எனவே பூரா அந்த நிமிஷமே பறவைப் பிரியர் ஆனார். பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று விசாரித்தார். கூழைக்கடாவின் தாடையில் தொங்கும் பையைப் பார்த்து, கூலியில்லாமல் சரக்கு ஏற்றுகிற ஜாதி என்று மெச்சினார். வாழ்நாளில் கோழியைத் தவிர எந்தப் பறவையையும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதர், ஒரு கொக்கின் மூக்கு நீளத்தைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார்.

பின் சீட்டில் இருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"பாஸ்கலினா அப்பா, ஒரே ஒரு தடவை திரும்புங்க. வால் எப்படித் தொங்குது பாருங்க. கொட்டாவி வேற விடுது."

"விடட்டும். தம்பி, அந்தக் கறுப்பா நிக்கிறது என்ன?"

"நீர்க்காகம். பெரியவரே, நான் காட்டிட்டேன். அம்மா சாட்சி."

"காட்டுறது உன் வேலை. பாக்குறது என் இஷ்டம். நான் பாக்கணும்னுதானே பேச்சு?" பூரா நீர்க்காகத்தின் குடும்ப விவரங்களுக்குள் இறங்கினார்.

வெயில் சாய்ந்தது. வண்டிக்குப் பக்கத்தில் புல் சரசரத்தது. சுல்லேயின் குரல் தாழ்ந்தது.

"அம்மா, கையை உள்ள இழுத்துக்குங்க. இறங்கிடுச்சு."

பைனாகுலர் பூராவின் மடியில் விழுந்தது. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். "வண்டியை எடு."

"எப்படி எடுக்கிறது? நீங்க இன்னும் பாக்கலையே. வாசல் மூட அரை மணி இருக்கு. கிட்ட வந்தா இன்னும் நல்லாத் தெரியும்."

"பாத்துட்டேன்."

"என்ன பாத்தீங்க?"

"சிங்கம். மரத்து மேல. வால் தொங்கிச்சு, கொட்டாவி விட்டுது. போதுமா?"

"அப்ப சபையில சொன்ன பேச்சு?" என்றாள் மனைவி.

"பேச்சு பேச்சுதான். பொண்ணு அவனுக்குத்தான். எடுடா."

சுல்லே சாவியைத் தொட்டான். திருகவில்லை. "அந்தப் பத்து மாட்டை எட்டாக்கிட்டா..."

"அது என்னைத் தின்னாலும் பத்துதான். எடு."

வண்டி கிளம்பியது. வாசல் வரும்வரை பூரா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது வேறு ஆளாக இருந்தார். காவலர்களையும் மணிமாலை விற்கும் பெண்களையும் கூட்டி வைத்துக்கொண்டு, சிங்கத்தின் பிடரி இவ்வளவு அகலம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நேருக்கு நேர் முறைத்தாராம். அதுதான் முதலில் தலை குனிந்ததாம். இப்படிப்பட்ட சிங்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்குப் பெண் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று அவரே சபை நடுவில் நின்று கேட்பதுபோல் கேட்டார்.

வாசல் காவலன் தாவிதி சுல்லேயின் பழைய கூட்டாளி. அவனை ஜீப் பக்கமாகத் தனியே இழுத்தான். "சிங்கமெல்லாம் மழைக்கு அப்புறம் தெற்குப் பக்கம் போயிடுச்சே. நீ எங்கடா பாத்தே?"

"நான் எங்கே பாத்தேன்? மரத்துல ஒரு மைனாகூட இல்லை" என்றான் சுல்லே, ஜீப்பிலிருந்து இறங்கிய வருங்கால மாமியாருக்குக் கைகொடுத்தபடி. "வெறும் மரத்தைக் காட்டினாப் போதும், மனுஷன் திரும்பியே பாக்க மாட்டார்னு யோசனை சொன்னதே இவங்கதான்."