ஃப்ரிட்ஜ் மேல் இருந்த குடல்

மருந்துகளை முதலில் போட்டுப் பார்க்கவென்று ஆஸ்பத்திரியில் அவள் திசுவிலிருந்தே வளர்த்துக் கொடுத்த செல்வராணியின் நகல் குடல், ஃப்ரிட்ஜுக்கு மேலே கண்ணாடி ஜாடியில் இருந்தது. வயிற்றுக்குள் இருந்த அசல் குடலோ புண்ணாகி, அவளைப் பஸ் ஏறவிடாமல் வீட்டிலேயே கட்டிப்போட்டிருந்தது. மதுரையில் மகளின் குழந்தை தவழவே தொடங்கிவிட்டது. இவள் இன்னும் போய்ப் பார்த்தபாடில்லை.

சித்த வைத்தியரின் லேகியத்துக்கு மாறலாமா என்று கேட்டதற்கு டாக்டர் நஸீமா கூடவே கூடாது என்றுவிட்டார். "ஆசையா இருந்தா முதல்ல ஜாடிக்குக் குடுங்க. நீங்க மாத்திரைய நிறுத்திராதீங்க."

செல்வராணி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை பார்த்தால், அசலைப் போலவே புண்ணாகிச் செக்கச்செவேலென்று கிடந்த நகல் குடல் ரோஜா நிறத்தில் மினுங்கியது! அவள் போட்ட கூச்சலில் மாடியே ஓடி வந்தது. லேகியமும் கையுமாக டாக்டரைத் திரையில் அழைத்தாள்.

டாக்டருக்கும் பரபரப்பு தாங்கவில்லை. "லேகியம் மட்டுந்தான போட்டீங்க?"

"வேற என்னத்தப் போட?"

எதிர்வீட்டுக் கோமதி தொண்டையைச் செருமினாள். "ஏக்கா, நாந்தான் வரும்போதெல்லாம் ஒரு கரண்டி மாதுளந்தோல் கஷாயம் ஊத்துனேன்."

கணவர் தங்கப்பழம் தலையைச் சொறிந்தார். "நீ முழுங்காம வச்ச மாத்திரைய நான் கரைச்சு ஊத்துனேன்ட்டி. வீணாப் போகுதேன்னு."

அவரவர் மருந்துக்கு அவரவர் கொடி பிடிக்க, செல்வராணி லேகியத்தைக் கீழே வைத்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள்.

மாலையில் டாக்டர் அனுப்பிய இரண்டு புது ஜாடிகள் வந்தன, ஆளுக்கொரு நகல் குடலும் பூட்டுமாக. ஒன்றுக்கு லேகியம், மற்றதற்கு மாத்திரை; கோமதியின் கஷாயத்துக்கு ஜாடி கிடைக்கவில்லை. சாவி செல்வராணியின் தாலிச் சங்கிலியில் தொங்குகிறது. எது முதலில் ரோஜா நிறமாகி அவளை மதுரை பஸ்ஸில் ஏற்றப்போகிறது என்று பார்க்க, மொத்த மாடியும் அவள் ஜன்னலில் தொங்குகிறது.